இடது பக்கம் திரும்பாத வண்டி

மஞ்சள் கூம்பு ஒன்று என் காரின் முன் சக்கரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு தரையில் கரகரவென்று தேய்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வாகனப் பரிசோதனை மைதானம். மழைக்கு முந்திய புழுக்கம். பழைய வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் ஆய்வாளர் முன்னால் கொண்டுபோய் ஓட்டிக் காட்ட வேண்டும். நேரே போகச் சொன்னார், போனேன். நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். வலது பக்கமாக ஒரு வட்டம் போடச் சொன்னார், அதுவும் ஆயிற்று. "இப்ப லெஃப்ட்ல ஒரு ரவுண்டு, மேடம்" என்றார்.

அதே அளவு வட்டம்தான். ஸ்டீயரிங்கை முடிந்த மட்டும் ஒடித்தேன். முடிந்த மட்டும் என்றால், இதற்கு மேல் திரும்ப மாட்டேன் என்று அது இடித்துச் சொல்லும் வரை. கார் என் பேச்சைக் கேட்காமல் அகலமாக ஒரு வளைவு போட்டுக் கூம்பின் மேல் ஏறிவிட்டது.

வரிசையில் நின்ற வேன் டிரைவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "அம்மாவுக்கு லெஃப்ட் வரல போல" என்றார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது. அந்த வாக்கியத்தை நான் முதல் முறையாகக் கேட்கவில்லை. சொல்லப்போனால் அது எங்கள் குடும்பச் சொத்து.

ஆய்வாளர் சின்னப் பையன், மரியாதையானவர். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் சும்மா ஆடியது, சக்கரம் அசையவில்லை.

"இவ்ளோ பிளே இருக்கு. லெஃப்ட் ஒடியவே இல்ல. இத எப்படி மேடம் பாஸ் பண்றது? அடுத்த புதன்கிழமை சரி பண்ணிக் கொண்டு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா ரிஜெக்ட்தான்."

அவர் சொன்னது நியாயம். எனக்கு அவர் மேல் கோபமில்லை. கோபம், கேட் ஓரமாகச் சாய்ந்து நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த என் மகன் சிவா மேல்தான்.

"ரிஜெக்ட் ஆனா ஸ்கிராப்புக்குக் குடுத்துடலாம்மா. எத்தன நாள்தான் இதோட மல்லுக்கட்டுவ" என்றான்.

"பாஸ் ஆனா?"

"ஆனா நீயே வெச்சு ஓட்டிக்கோ. நான் வாயே திறக்க மாட்டேன்."

"பேச்சு மாறக் கூடாது" என்றேன். ஒரு வாரத்துக்குள் ஒன்று வண்டி இடது பக்கம் திரும்ப வேண்டும், இல்லையென்றால் இரும்புக் கடைக்குப் போக வேண்டும்.

எங்கள் வீட்டு ஐதீகம்

கம்பெனி பெயர் எதற்கு. முன்னால் இரண்டு வட்ட விளக்கு, கியர் தரையில் இல்லாமல் ஸ்டீயரிங் தண்டின் ஓரத்தில், கதவைச் சாத்தினால் இரும்பு பீரோ சாத்துகிற சத்தம். இந்த அடையாளம் போதும், நாற்பது தாண்டியவர்களுக்குத் தெரிந்துவிடும். நிறம் மோர்க்குழம்பு நிறம். வாங்கும்போது வெள்ளை என்று சொல்லித்தான் விற்றார்கள்.

குரோம்பேட்டையில் ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி. என் வீட்டுக்காரர் அவரிடமிருந்து வாங்கிச் சில வருஷம் ஓட்டினார். அப்புறம் அவருக்கு இடது முழங்கால் போயிற்று. கிளட்ச் மிதிக்க முடியவில்லை. வண்டியை விற்றுவிடலாமா என்ற பேச்சு வந்தபோது, "நான் ஓட்டுறேன்" என்றேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பிறர் சிரித்தால் எனக்கு எதுவும் சீக்கிரம் வந்துவிடும். இரண்டே மாதத்தில் லைசென்ஸோடு வந்து நின்றேன்.

லைசென்ஸ் வாங்கியது ஓட்டுநர் பள்ளியின் வண்டியில். அதில் இடமும் வலமும் ஒழுங்காகத் திரும்பின. எங்கள் வண்டியில் உட்கார்ந்ததும் இடது மட்டும் வராமல் போனது. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தாண்டி எங்கள் தெரு இடது பக்கம் இருக்கிறது. முனையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ஒட்டித் திரும்பினால்தான் உள்ளே நுழைய முடியும். முதல் நாளே டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்கு எதிரே இருந்த இஸ்திரி வண்டியை இடித்தேன். இஸ்திரிக்காரர் சூடான பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடி, தீர்ப்பு சொன்னார். "வசந்தாவுக்கு லெஃப்ட் வராது."

அது அப்படியே நின்றுவிட்டது. கல்யாண வீட்டில் என் நாத்தனார், "அண்ணி, பந்தி லெஃப்ட்ல போட்டிருக்கு. உங்களுக்கு வராதே, யாராவது கூட்டிட்டுப் போங்க" என்பாள். என் மகன் பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது அதில்கூட இது வந்தது. (போன வாரம் இந்தத் தொடரில் எழுதிய தேங்காய் விவகாரத்துக்காக நாத்தனார் என்னோடு இன்னும் பேசவில்லை. இந்த வாரத்துக்கும் சேர்த்தே பேசாமல் இருக்கட்டும்.)

நான் என்ன செய்தேன்? தெருவைத் தாண்டிப் போவேன். அடுத்த இடைவெளியில் வலது பக்கமாக யூ டர்ன் அடித்து, திரும்பி வந்து, எதிர்த் திசையிலிருந்து தெருவுக்குள் நுழைவேன். மழையிலும் அப்படித்தான், காய்ச்சலிலும் அப்படித்தான், பின் சீட்டில் மாமியார் மயக்கமாகப் படுத்திருந்தபோதும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளம் போய் மீன் வாங்கி வருவது எனக்குப் பிடிக்கும். படகு வந்ததும் கரையிலேயே கூவி விற்பார்கள். ஈர மணலில் செருப்பு புதையும். சங்கரா மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்து எடுத்துக்கொண்டு, மேடவாக்கம் வழியாகத் திரும்புவேன். அந்தத் திசையிலிருந்து வந்தால் எங்கள் தெரு வலது பக்கம் வரும். ஒரே ஒடிப்பில் உள்ளே. மீன் மேல் இருந்த ஆசை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஒரே ஒரு முறை சிவாவின் புதுக் காரை ஓட்டினேன். இடது பக்கம் வெண்ணெய் மாதிரி திரும்பியது. "பாத்தியாடா" என்றேன். "இது பவர் ஸ்டீயரிங்மா. யார் ஓட்டினாலும் திரும்பும்" என்றான். ஆக, திரும்பினால் காருக்குப் பெருமை, திரும்பாவிட்டால் எனக்குச் சிறுமை. நல்ல நியாயம்.

பூ நேர், சட்டை கோணல்

நான் என்ன வேலை பார்த்தேன் என்று இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஹெல்ப்பராகச் சேர்ந்து, டேபிளுக்குப் பொறுப்பாளாகி, ஓய்வு பெற்றேன். கைகளில் கத்திரி பிடித்த காய்ப்பு இன்னும் இருக்கிறது.

அங்கே ஒரு சூப்பர்வைசர் வந்தார். மிடுக்கானவர். மார்பில் ஒரு பெரிய சூரியகாந்திப் பூ அச்சடித்த துணி வந்திருந்தது. பூ நேராக வர வேண்டும் என்பது அவருக்கு உயிர். துணியின் இழை எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல், பூவை நேராக வைத்து அதன்படி வெட்டச் சொன்னார். அச்சே கோணலாக அடித்து வந்திருந்தது என்று சொன்னேன். "நீங்க வெட்டுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

வெட்டினோம். சட்டை ஹாங்கரில் தொங்கியபோது அழகாகத்தான் இருந்தது. ஒரு சலவை போட்டதும் பக்கத் தையல் தொப்புளுக்கு வந்துவிட்டது. பூ மட்டும் நேராகச் சிரித்துக்கொண்டிருந்தது.

துணி வேலையில் முதலில் நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓரத்தோடு ஓரம் வைத்து இரண்டாக மடித்தால் மடிப்பு விழுகிற இடம் நடு. பூவும் பொத்தானும் அப்புறம்தான். பொத்தானைப் பார்த்துக்கொண்டு யாராவது சட்டை வெட்டுவார்களா? இதை நான் ஏன் சொல்கிறேன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

முடிச்சூர் ஷெட்

பரிசோதனை முடிந்த மறுநாள் காலை வண்டியை முடிச்சூருக்கு ஓட்டிப் போனேன். அங்கே தேவசகாயத்தின் ஷெட் இருக்கிறது. டாக்டர் காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்ப்பவர் அவர்தான். ஷெட்டுச் சுவரில் பெரிய வெள்ளம் வந்தபோது தண்ணீர் நின்ற கோடு என் தலைக்கு மேல் இருக்கும். எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் அந்தக் கோடு எட்டிப் பார்க்கிறது. கோட்டுக்கு மேலே ஏசுநாதர் படம். "அவருக்கு மட்டும் ஒரு சொட்டு படல" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

தேவசகாயம் பெரிய வாய்க்காரர். இந்த வண்டியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிப்பேன் என்பார். என்னை அக்கா என்பார், கூடவே நீ என்பார். மரியாதை முழுவதும் அக்காவிலேயே அடங்கிவிட்டது.

"இன்னாக்கா, கூம்பு மேல ஏத்திட்டியாமே. சிவா போன்ல சொல்லிச்சி."

"அத விடுங்க. லெஃப்ட் ஏன் ஒடிய மாட்டேங்குது?"

"சக்கரத்தாண்ட கீற பால் ஜாயின்ட் பூட்ச்சி. புச்சா ரெண்டு போட்டு, ஸ்டீயரிங் பாக்ஸ்ல ஸ்க்ரூவ டைட் வெச்சா முட்ஞ்சிது."

"போன தடவையும் அதத்தான் பண்ணீங்க. டைட் வெச்சதுலேர்ந்து ரைட்ல ஒடிக்கும்போது ஒரு இடத்துல பிடிக்குது. நேரா போகும்போது ஆட்டம் போகல."

"வயசானா பிடிக்கத்தான் செய்யும். உனக்கும் எனக்கும் பிடிக்கல?"

எனக்கு இந்தப் பேச்சு போதும் என்று ஆகிவிட்டது. "கீழே எல்லாத்தையும் கழட்டுங்க. ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"நடு எங்க இருக்குன்னு பாக்கணும்."

"நடு இதோ கீதே" என்று ஸ்டீயரிங்கைக் காட்டினார். "புள்ளயார் நேரா குந்திகினு கீறாரு பாரு."

ஸ்டீயரிங்கின் மத்தியில் ஹாரன் பொத்தான். அதன் மேல் கட்டை விரல் அளவில் ஒரு பித்தளைப் பிள்ளையார். ஒரு ஆயுத பூஜையன்று என் வீட்டுக்காரர் இரும்பையும் ஒட்டும் பசை குழைத்துத் தன் கையால் ஒட்டியது. அன்றைக்கு நான் அடுக்களையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். கற்பூர வாசனையும் கடுகு வாசனையும் கலந்து வந்தது நினைவிருக்கிறது. அதற்கு அடுத்த வருஷம்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து நேரே போகும்போதெல்லாம் அவர் நேராக உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குச் சட்டென்று சூரியகாந்திப் பூ ஞாபகம் வந்தது.

"கழட்டுங்க" என்றேன் மறுபடி.

நடு மடிப்பு

முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கி போட்டுத் தூக்கினார். கீழே படுத்து, ஸ்டீயரிங் தண்டின் அடியில் உள்ள பல்சக்கரப் பெட்டியான பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். டை ராடு என்பார்கள். வலது சக்கரத்துக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. கழன்று வர மறுத்த மூட்டைச் சுத்தியலால் தட்டினார். துருத் தூளும் கெட்டியான கிரீஸும் அவர் நெற்றியில் விழுந்தன.

எல்லாம் பிரிந்ததும் நான் சீட்டில் ஏறினேன். ஸ்டீயரிங்கில் ஒரு இடத்தில் மஞ்சள் நூல் கட்டினேன். இடது பக்கம் கடைசி வரை ஒடித்தேன். இடித்தது. அங்கிருந்து வலது பக்கம் கடைசி வரை, நூல் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே போனேன். மூன்று சுற்று. அப்படியென்றால் நடு ஒன்றரை. துணியை இரண்டாக மடிக்கிற கணக்குத்தான், வேறொன்றுமில்லை.

மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்தேன். ஒரு சுற்று. இன்னும் அரை. சரியாக அந்த இடத்தில் ஸ்டீயரிங் கையைப் பிடித்தது. வலது பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் பிடிக்குமே, அதே பிடிப்பு.

"இங்க ஏன் இறுக்கமா இருக்கு?" என்றேன்.

தேவசகாயம் காருக்கு அடியிலிருந்து, யோசிக்காமல், "பாக்ஸுக்கு நடுவுல அப்டிதான் இருக்கும். நேரா போ சொல்ல ஆடக் கூடாது இல்ல, அதுக்குத்தான் நடுவுல டைட்டா செஞ்சி கீறான்" என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அடியில் சத்தம் நின்றுபோனது.

நான் ஹாரன் பொத்தானைப் பார்த்தேன். பிள்ளையார் வலது பக்கமாகச் சாய்ந்து, பள்ளிகொண்ட பெருமாள் மாதிரி படுத்திருந்தார்.

இதுதான் நடு என்றால், இத்தனை வருஷம் நான் நேரே போவதாக நினைத்துக்கொண்டிருந்தது நேர் இல்லை. பாக்ஸ் ஏற்கெனவே கால் சுற்று இடது பக்கம் திரும்பியிருக்க, சக்கரம் மட்டும் நேராக இருந்திருக்கிறது. இடது பக்கம் திரும்பு என்றால் எங்கே திரும்பும்? திருப்பத்தில் ஒரு பங்கு முன்பே செலவாகிவிட்டது.

தேவசகாயம் வெளியே வந்தார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க. கோவப்படறதா இல்லையான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

சாமி படுத்த கதை

அவர் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். அவர் சொன்னபடி எழுதினால் பத்திரிகை தாங்காது.

எங்கள் வீட்டு வாசல் சரிவு. வண்டியின் கை பிரேக் அன்றைக்கும் சொத்தை, இன்றைக்கும் சொத்தை. அதனால் எப்போதும் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்து, சக்கரம் சுவர் ஓரத்தில் முட்டுகிற மாதிரி நிறுத்துவோம். ஆயுத பூஜையன்றும் அப்படித்தான் நின்றது. என் வீட்டுக்காரர் சீட்டில் உட்கார்ந்து, பயபக்தியாகப் பசை தடவி, தன் கண்ணுக்கு நேராகப் பிள்ளையாரை நிமிர்த்தி ஒட்டினார். ஸ்டீயரிங் திரும்பியிருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. மறுநாள் பசை கல்லாகிவிட்டது. எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி, சக்கரத்தை நேராக்கித் தெருவுக்கு வந்ததும் சாமி சாய்ந்து படுத்துக்கொண்டார்.

"சார் நேரா என்கிட்ட வந்துட்டாரு" என்றார் தேவசகாயம். "'தேவா, சாமி படுத்துட்டாரு. வசந்தா பாத்தா ஆடித் தீத்துடுவா. நிமித்திக் குடு'ன்னாரு. ஸ்டீயரிங் வீலக் கழட்டி மாட்டலாம்னு பாத்தா, தண்டோட துரு புட்ச்சிகினு வர்ல. புள்ளயார நெம்பி எடுத்தா பொத்தான் ஒடஞ்சிடும், அது எங்கயும் கெடைக்காது. அதும் இல்லாம..."

"அதுவும் இல்லாம?"

"நான் கிறிஸ்டின் கா. உங்க சாமிய ஸ்க்ரூ டிரைவர் வெச்சி நெம்ப மனசு வர்ல. நாளிக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா, வேதக்காரன் பண்ண வேலன்னு பூடும். அதான் கீழ படுத்து டை ராட ரெண்டு பக்கமும் திருகி, சாமி நேரா கீற மாதிரி சக்கரத்த வெச்சிட்டேன். அப்புறம் எப்ப ராடு மாத்துனாலும் அதே கணக்குதான். சாமியப் பாத்துதான் நேர் வெப்பேன்."

மரியாதைதான். வேறு என்ன சொல்ல? அடுத்தவர் சாமி மேல் கை வைக்கக் கூடாது என்ற நல்ல மனசு. அந்த நல்ல மனசு என் இடது பக்கத்தைத் தின்றுவிட்டது.

கேட்க வேண்டாம் என்று ஒரு பக்கம் தோன்றியது. கேட்டேன். "லெஃப்ட் கொறஞ்சது சாருக்குத் தெரியுமா?"

அவர் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு வாட்டி கேட்டாரு. 'இன்னாப்பா லெஃப்ட் கம்மியா ஒடியுது'ன்னு. சாமிய நிமித்துனதால சார்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. 'சரி உடு, சாமி நேரா இருக்கட்டும்'னாரு. அப்ப நீ கத்துகினு இருந்த. 'வசந்தா சமாளிச்சுக்குவா'ன்னாரு."

நான் அங்கே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தேன்.

வசந்தா சமாளித்துக்கொள்வாள். அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு யூ டர்னுக்கும் உச்சுக் கொட்டினார். தெரிந்துகொண்டே பந்தியில் சிரித்தார்.

போனவர்களைப் பற்றிப் பேசக் கூடாது என்பார்கள். பேசுவேன். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், என் சம்பளத்தை ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் இந்த ஒன்றைச் செய்தார். ஒரே ஒரு நாள், "அது வண்டிக் கோளாறு, அவளுடையது இல்லை" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்தேன், தாடை வலித்தது.

"டீ சொல்லட்டாக்கா?" என்றார் தேவசகாயம் பாவமாக.

"சொல்லுங்க. குடிச்சிட்டு ஆரம்பிக்கலாம்."

கோர்த்தது

ஸ்டீயரிங்கை நான் கண்டுபிடித்த நடுவில் வைத்து, அசையாமல் சீட்டோடு கயிறு போட்டுக் கட்டினேன். அளவுக்கு மேல் முறுக்கி வைத்திருந்த பாக்ஸ் ஸ்க்ரூவை அவர் தளர்த்தி, அந்த இடத்தில் ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் வைத்தார். அப்புறம் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை இரண்டு பக்கமும் நூல் இழுத்துக் கட்டி, முன் சக்கரங்களை நேராக்கினோம். கடைசியாகத்தான் டை ராடு. சக்கரம் எங்கே இருக்கிறதோ, பாக்ஸ் எங்கே இருக்கிறதோ, இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்துக்கு ராடின் நீளத்தைத் திருகி வைத்து மாட்ட வேண்டும். ராடுக்காகச் சக்கரத்தைத் திருப்பக் கூடாது. பால் ஜாயின்ட் புதிது, கழன்றுவிடாமல் அதைப் பூட்டும் கம்பி ஊசியும் புதிது. பழைய ஊசியையே நிமிர்த்திப் போட்டுவிடலாம் என்றார். "அத நிமித்த வேண்டாம், நீங்க நிமித்துனவரைக்கும் போதும்" என்றேன். புதிதையே எடுத்துப் போட்டார்.

பிள்ளையாரை நிமிர்த்த ஸ்டீயரிங் வீலைக் கழற்றவும் முயன்றோம். எண்ணெய் ஊற்றி ஊற வைத்து, இழுக்கும் கருவியைப் போட்டு முறுக்கினார். வீலின் விளிம்பில் முடி போல ஒரு விரிசல் ஓடியது. போதும் என்று நிறுத்தினேன். ஆக, வண்டி நேராகிவிட்டது. பிள்ளையார் படுத்தபடியே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து என்னை அழைத்துப் போக சிவா வந்தான். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தவன் முகம் மாறிவிட்டது. கோயிலுக்கே போகாதவனுக்கு எங்கிருந்தோ பக்தி வந்தது.

"அம்மா, சாமி படுத்திருக்கு. அபசகுனம்மா. இதுல ஏறக் கூடாது. பேசாம பழைய மாதிரியே மாட்டச் சொல்லு."

"ஆமாக்கா" என்றார் தேவசகாயமும். "எனக்கே ஒரு மாரி கீது. இந்த மாரி வண்டிய நான் ஷெட்ட உட்டு அனுப்புனதே இல்ல. ஒரு ரவுண்டு திருகுனா நிமிந்துடுவாரு."

இரண்டு ஆண் பிள்ளைகள், ஒரு சாமி. மூன்று பேரும் ஒரு கட்சி. எனக்குச் சிரிப்பு வந்தது.

"அவர் நேரா இருக்கறதுக்காக இத்தன வருஷம் நான் சுத்திச் சுத்தி வந்தேன்" என்றேன். "இனிமே அவர் கொஞ்சம் சாஞ்சுக்கட்டும். தொந்தி உள்ளவர், படுத்தா அவருக்கும் சுகமாத்தான் இருக்கும். யாரும் அந்த ராடு மேல கை வைக்கக் கூடாது."

சிவாவிடம் அவன் அப்பா சொன்னதையும் சொன்னேன். தேவசகாயத்தை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவன் குனிந்து, சக்கரங்களுக்கு இடையே இழுத்துக் கட்டியிருந்த நூலை ஏதோ ஆராய்ச்சி செய்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை

அதே மைதானம், அதே ஆய்வாளர். கூம்பு மட்டும் புதிது. அந்த வேன் டிரைவரைத் தேடினேன், காணவில்லை. இருந்து பார்த்திருக்கலாம்.

ஆய்வாளர் கதவைத் திறந்ததும் நெற்றியைச் சுருக்கினார். "மேடம், ஸ்டீயரிங் கோணலா இருக்கே."

"சாமிதான் சார் சாஞ்சிருக்கார். சக்கரத்தப் பாருங்க."

இறங்கிப் பார்த்தார். சக்கரம் நேராக இருந்தது. ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "ஓட்டுங்க, நானும் வரேன்" என்று என் வீட்டுக்காரர் உட்காரும் சீட்டில் உட்கார்ந்தார். பின் சீட்டில் சிவா.

நேரே போனது. பழைய நாட்களில் அந்த மைதானத்தின் நீளத்துக்குள் பத்து முறை இப்படியும் அப்படியும் திருத்தியிருப்பேன். இப்போது இரண்டு விரல் போதும் என்று இருந்தது. நேராகப் போவது இவ்வளவு சும்மா இருக்கிற வேலை என்று எனக்குத் தெரியாது. வலது வட்டம், பிடிப்பில்லாமல் போனது.

"லெஃப்ட்" என்றார்.

ஒடித்தேன். கால் சுற்று வந்ததும் படுத்திருந்த பிள்ளையார் மெல்ல எழுந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து என்னை நேருக்கு நேர் பார்த்தார். நான் நிறுத்தவில்லை, இன்னும் ஒடித்தேன். அவர் குட்டிக்கரணம் போட்டுக் கீழே போனார். கார் கூம்புகளுக்கு உள்ளேயே, ஒன்றைக்கூடத் தொடாமல், முழு வட்டம் வந்து நின்றது.

"ஓகே மேடம்" என்று கையெழுத்துப் போட்டார். இறங்கும்போது ஒரு தடவை பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டுக்குக் கிளம்பினோம். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பு தாண்டியது. எங்கள் தெரு வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. இஸ்திரிக்காரரின் மகன் இப்போது அந்த இடத்தில் நிற்கிறான். வண்டியைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். நான் சிக்னல் போட்டு, ஒட்டித் திரும்பினேன். பிள்ளையார் எழுந்து உட்கார்ந்தார். ஒரே ஒடிப்பில் உள்ளே போனோம்.

வீடு வந்தது. நான் நிறுத்தவில்லை. தெருக்கோடி வரை போய் இடது பக்கம் திரும்பினேன். அடுத்த முனையில் இடது. அதற்கடுத்த முனையிலும் இடது. மறுபடியும் மெயின் ரோடு, மறுபடியும் டிரான்ஸ்ஃபார்மர், மறுபடியும் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனேன்.

வாயே திறக்க மாட்டேன் என்று சொன்னவன் திறந்தான். "எங்கம்மா போற?"

"லெஃப்ட்ல" என்றேன்.